டைனோ சார்

மூன்றாவது நாளும் பொன்னழகு பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை.

பீர் முகமது வாத்தியார் வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தார். இரண்டாம் வகுப்பில் மட்டமே போடாத பிள்ளை அது ஒன்றுதான். சொன்ன பாடத்தை மறுநாள் ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பிக்கும். வீட்டுக்குப் போயும் கேட்கிற ஆள் கிடைத்தால் ஒப்பிக்கும்.

"ஏலே சுருளிவேலு, உனக்குப் பக்கத்து வீடுதான. பொன்னழகுக்குக் காய்ச்சலா?"

சுருளிவேல் எழுந்து கையைக் கட்டிக்கொண்டான். "காய்ச்சல் இல்ல சார். பயம்."

"என்ன பயம்?"

"டைனோ சார் பயம் சார்."

பீர் முகமது பேனாவை மூடி வைத்தார். அவருக்கு வயது இருபத்து நாலு. திண்டுக்கல் நாகல் நகரிலிருந்து காலையில் பஸ் பிடித்து வடமதுரையில் இறங்கி, அங்கே ஒரு கடையில் போட்டு வைத்திருக்கும் சைக்கிளை எடுத்துக்கொண்டு சின்னக்கரட்டுப்பட்டிக்கு வந்து சேர்வார். வேலைக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது, இன்னும் நிரந்தரமாகவில்லை. யாராவது கொஞ்சம் உரக்கப் பேசினால் வேலை போய்விட்டது என்றே முடிவு கட்டிவிடுவார்.

எல்லாம் அந்தத் திங்கட்கிழமை பாடத்தால் வந்தது.

போன மாதம் திண்டுக்கல்லில் வாத்தியார்களுக்கு ஐந்து நாள் பயிற்சி நடந்தது. மனிதன் தோன்றுவதற்கு முந்திய உலகத்தைச் சின்னப் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லுங்கள், கண்ணால் பார்த்தது மாதிரி சொல்லுங்கள் என்றார்கள். பீர் முகமதுவுக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. தான் பாடம் நடத்தும் முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகள் நாற்பத்திரண்டு பேரையும் வெளியே கூட்டிப்போய், கொடிக்கம்பத்திலிருந்து புளியமரம் வரை ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்க வைத்தார்.

"இம்புட்டு நீளம்ப்பா ஒரே ஒரு பல்லி," என்றார். "பேரு டைனோசார்."

யார் வாயாக நிற்பது என்று அடிதடி ஆனது. கடைசியில் பொன்னழகுதான் இரண்டு பேரைக் கிள்ளிவிட்டு வாயாக நின்றாள்.

பெயரின் முடிவில் சார் இருந்ததால் பிள்ளைகள் அந்தப் பிராணிக்கு மரியாதை கொடுத்துத்தான் பேசினார்கள்.

"டைனோ சார் என்ன சாப்புடுவாரு சார்?"

"சிலது இலை தழை திங்கும். சிலது கறி திங்கும்."

"எம்புட்டுக் கறி சார்?"

"நம்ம பஞ்சாயத்துத் தலைவர் மொக்கைச்சாமி வீட்டு மாட்டை ஒரே வாயில முழுங்கிரும்."

இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று பீர் முகமது பிற்பாடு பல தடவை நினைத்துக்கொண்டார்.

இப்போது சுருளிவேலைப் பக்கத்தில் கூப்பிட்டார். "சாயந்திரம் அவுங்க வீட்டுல போய்ச் சொல்லு. அதெல்லாம் செத்து ரொம்ப காலமாச்சு. ஒண்ணுகூட உசிரோட இல்லைன்னு சார் சொன்னாருன்னு சொல்லணும். தெரிஞ்சுதா?"

"சரி சார்."

விஷயம் இதோடு முடிந்தது என்று நினைத்தார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், பிள்ளைகளுக்குச் சோறாக்கிப் போடும் கருப்பம்மாள் கரண்டியும் கையுமாக வந்து நின்றாள்.

"வாத்தியாரே, மூணு நாளா கெணத்துல வெடிச் சத்தமே இல்லையே. கவனிச்சீகளா?"

கவனித்திருந்தார். கரும்பலகை அதிராமல் பாடம் நடத்த முடிகிறதே என்று சந்தோஷமும் பட்டிருந்தார். ஊருக்குக் குடிதண்ணீர்க் கிணறு வெட்டிக்கொண்டிருந்தார்கள். முப்பத்தைந்து அடியில் பாறை வந்துவிட்டது. குழி போட்டு வெடிமருந்து வைத்து உடைத்தால் இன்னும் பத்தடியில் தண்ணீர் என்று சொன்னார்கள். அதுவரைக்கும் ஊர்ப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு இரண்டு மைல் நடந்தார்கள்.

"ஏன் நின்னு போச்சு?"

"சடையாண்டி எறங்க மாட்டேங்குறான். மருந்து வைக்க அவனை விட்டா ஆளு ஏது? மக பயந்து போயி அவன் காலைக் கட்டிக்கிட்டு அழுகுதாம். என்னைய விட்டுட்டுப் போகாதங்குதாம். அவனே தலைவர்ட்டச் சொல்லியிருக்கான்."

"யாரு மக?"

"பொன்னழகுதேன். ஒங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளைதான."

பீர் முகமது சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார். சடையாண்டியை அவர் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறார். ஆறடிக்கு மேல் உயரம். கடப்பாரையை ஏதோ குடையைப் பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். சேவுகம்பட்டிச் சந்தையில் மிரண்டு ஓடிய காளையைக் கொம்பைப் பிடித்துத் தரையில் சாய்த்த ஆள் என்று ஊரில் சொல்வார்கள். வெடித் திரியைப் பற்றவைத்துவிட்டு, பீடியையும் அதே நெருப்பில் பற்றவைத்துக்கொண்டு நிதானமாக மேலே ஏறி வருவாராம்.

"அவனும் ஒங்களைத்தேன் தேடிக்கிட்டு இருக்கான்," என்றாள் கருப்பம்மாள், ரசத்தைக் கலக்கிக்கொண்டே.

"என்னையா? எதுக்கு?"

"நேர்ல ஒரு வார்த்தை கேக்கணுமாம்."

அன்று சாயந்திரம் பீர் முகமது வழக்கமான பாதையை விட்டுவிட்டுச் சோளக்காட்டு வழியாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை காலை சுருளிவேல் பதிலோடு வந்தான்.

"சொல்லிட்டேன் சார். எப்ப செத்துச்சு, எங்க செத்துச்சு, பொணத்தையெல்லாம் எங்க போட்டாகன்னு கேக்குறாக சார்."

கேள்வி கேட்கிறார்கள் என்றால் பயம் தெளிகிறது என்று அர்த்தம். பீர் முகமதுவுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. "யாரும் போடலைப்பா. அதுவா மண்ணுக்குள்ள புதைஞ்சிருச்சு. ரொம்ப ஆழத்துல கெடக்கும். தோண்டிப் பாத்தா எலும்புதான் இருக்கும், அதுவும் கல்லாப் போயிருக்கும். போய் இதை அப்படியே சொல்லிட்டு ஓடியா."

சுருளிவேல் அப்படியே போய்ச் சொன்னான். அன்று மத்தியானத்துக்குள் கிணற்றில் மண் அள்ளிக்கொண்டிருந்த மற்ற நாலு பேரும் கூடையைப் போட்டுவிட்டு மேலே ஏறிவிட்டார்கள். ஆழமாகத் தோண்டினால் பல்லி இருக்கிறது, கல்லு மாதிரி இருக்கிறது, படித்த வாத்தியாரே சொல்லிவிட்டார் என்று ஊரெல்லாம் பேச்சு.

தலைமையாசிரியர் பெருமாள்சாமி பீர் முகமதுவைத் தனியாக அழைத்தார். பெருமாள்சாமி ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம். அந்த இரண்டு வருஷத்தையும் யார் கண்ணிலும் படாமல் கழித்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவருடைய ஆசை.

"தம்பி, நான் முப்பது வருஷமா பாடம் நடத்துறேன். என் பாடத்தால இதுவரைக்கும் ஒரு கெணறு நின்னதில்ல."

"நான் இருக்கிறதைத்தான் சார் சொன்னேன்."

"இருக்கிறதை எதுக்குச் சொல்றீங்க? சரி, விடுங்க. நானே பேசிச் சரிபண்றேன்."

சாயந்திரம் பள்ளி விடுகிற நேரம் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திவிட்டுத் தலைமையாசிரியர் பேசினார். "பிள்ளைகளா, அந்த மாதிரிப் பல்லியெல்லாம் நம்ம பக்கம் கெடையாது. வீட்டுல போய்ச் சொல்லுங்க. எலும்பு கெடைச்சதுகூட ரொம்பத் தூரத்துல, அரியலூர்ப் பக்கம்."

"அரியலூர் எங்க சார் இருக்கு?" என்று ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான்.

"திருச்சிக்கு அந்தாண்ட."

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அந்தச் செய்தி ஊருக்குள் வேலை செய்தது. திங்கட்கிழமை நாற்பத்திரண்டு பிள்ளைகளில் பதினொரு பேர்தான் வந்தார்கள். மற்றவர்களை அனுப்ப முடியாது என்று தாய்மார்கள் சொல்லிவிட்டார்கள். டைனோ சார் அரியலூர் வரைக்கும் வந்தாகிவிட்டது. அங்கிருந்து திருச்சி. திருச்சியிலிருந்து வடமதுரைக்கு நேர் ரோடு.

பத்து மணிக்கு மொக்கைச்சாமி தலைவர் வந்தார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"வாத்தியாரே, நீங்க புதுசு. அதனால சொல்றேன். கெணறு நின்னு ஒரு வாரமாச்சு. என் வீட்டுப் பொம்பளைகளே என்னைய வையிறாக. புதன்கிழமைக்குள்ள அந்தப் பிள்ளைக்குப் பயம் தெளியணும், சடையாண்டி கெணத்துல எறங்கணும். இல்லைன்னா யூனியன் ஆபீசுக்கு எழுதிருவேன். குடிதண்ணிக்கு இடைஞ்சல் பண்ணுற வாத்தியாருன்னு."

"ஐயா, நான் வேணும்னு பண்ணலைங்க."

"வேணும்னு பண்ணலையா? ஊர்ல அம்புட்டு மாடு இருக்கு. என் மாட்டை எதுக்கய்யா அது திங்கணும்?"

பீர் முகமது மறுபடியும் நாற்காலியைக் காட்டினார்.

தலைவர் போனதும் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. பெரிதாகக் காட்டியதால்தானே பயம். சிறிதாகக் காட்டினால்? பதினொரு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்க் கண்மாயிலிருந்து களிமண் எடுத்து வந்து, உள்ளங்கை அளவுக்கு ஒரு டைனோசார் செய்தார். வாலைச் சுருட்டிவிட்டார். பார்ப்பதற்குச் சாதுவாக இருக்கட்டும் என்று சிரிக்கிற மாதிரி வாய் வைத்தார். பல் வேண்டுமென்று பிள்ளைகள் கெஞ்சியபோது கண்டிப்பாக மறுத்துவிட்டார்.

"ஏலே சுருளிவேலு, இதைப் பொன்னழகுகிட்டக் குடு. டைனோ சார் இப்ப இம்புட்டுத்தான்னு சொல்லு."

செவ்வாய்க்கிழமை மூன்று பிள்ளைகள் வந்தார்கள். அதில் ஒன்று ஒண்ணாம் வகுப்பில் இன்னும் சேராத, அக்காவைத் தேடி வந்த பிள்ளை.

"என்ன வாத்தியாரே இப்படிப் பண்ணிட்டீக," என்றாள் கருப்பம்மாள். பள்ளிக்குப் பின்னால் இருந்த சமையல் கொட்டகையில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். "அவுக கதவு சாத்தியிருந்துச்சுன்னு இந்தச் சுருளிவேலுப் பய பொம்மையை வாசப்படியில வச்சுட்டு வந்துட்டான். பொன்னழகு ஆத்தா அய்யம்மா பூக்காட்டு வேலைக்குப் போயிட்டு இருட்டுற நேரத்துக்கு வந்தவ, அதை மிதிச்சுட்டா. யாரோ செய்வினை வச்சுட்டாகன்னு ஒரே கூப்பாடு. பொறவு அது வாத்தியாரு பொம்மைன்னு தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சதும்?"

"சடையாண்டி கதவைச் சாத்துனவன்தேன். காலையில வரைக்கும் தெறக்கலை." கருப்பம்மாள் ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு வெளியே எட்டிப் பார்த்தாள். "இப்பத் தெறந்துட்டான் போல. அந்தா வாரான்."

பீர் முகமது எங்கே போவதென்று தெரியாமல் இரண்டு சுற்றுச் சுற்றினார். பிறகு அரிசி மூட்டைகளுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்தில் புகுந்து குத்தவைத்துக்கொண்டார். சட்டையெல்லாம் தவிடு. மூட்டைகளின் இடுக்கு வழியே வாசல் கொஞ்சம் தெரிந்தது. தூண் மாதிரி இரண்டு கால்கள் வந்து நின்றன. கடப்பாரையின் நுனி ஒன்று தரையில் ஊன்றியது. அதற்குப் பக்கத்திலேயே சின்னதாக இரண்டு கால்கள், கொலுசோடு.

பிள்ளையைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார் என்று பீர் முகமது புரிந்துகொண்டார். அந்த நேரத்தில் சுவரிலிருந்து ஒரு பல்லி அவர் பிடரியில் விழுந்து சட்டைக்குள் இறங்கியது. அவர் கத்தவில்லை. கத்தாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அவருக்கும் அந்தப் பல்லிக்கும்தான் தெரியும்.

"வாத்தியாரு இல்லியா?" சடையாண்டியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது.

"இப்பத்தேன் இருந்தாரு," என்றாள் கருப்பம்மாள்.

"வந்தாச் சொல்லு. இதுக்கு மேல என்னால தாங்க முடியாது. இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாகணும்."

கால்கள் போய்விட்டன. பீர் முகமது வெளியே வந்தபோது முகமெல்லாம் வெள்ளையாக இருந்தது. அதில் தவிடு எவ்வளவு, பயம் எவ்வளவு என்று கருப்பம்மாளால் சொல்ல முடியவில்லை.

"நானே போயிடறேன்," என்றார்.

"எங்க? திண்டுக்கல்லுக்கா?"

அப்படிச் செய்யலாம்தான். சைக்கிள் வெளியேதான் நின்றது. மிதித்தால் மத்தியான பஸ்ஸைப் பிடித்துவிடலாம். நாகல் நகரில் மாமாவின் தோல் மண்டியில் எப்போதும் ஒரு வேலை உண்டு. ஆனால் அவர் கண்ணுக்கு முன்னால் வேறொன்று வந்து நின்றது. தன் பாடத்தைக் கேட்டுவிட்டு ஏழு வயசுப் பிள்ளை ஒன்று ஒரு வாரமாக அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுகிறது. வாத்தியார் ஓடிப்போய்விட்டால் அது காலம் முழுக்கப் பள்ளிக்கூடம் பக்கம் தலைவைக்காது.

"சடையாண்டி வீட்டுக்கு," என்றார் பீர் முகமது.

துணைக்குத் தலைமையாசிரியரைக் கூப்பிட்டார். அவர் டீக்கடை வரைக்கும் வந்தார். அங்கே திடீரென்று முழங்கால் வலிக்கிறது என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "தைரியமாப் போங்க தம்பி. சத்தம் கேட்டா வாரேன்."

தெருவில் குடத்தோடு போன பெண்கள் நின்று பார்த்தார்கள். அவர்கள் இடுப்பில் இருந்த காலிக் குடங்களைப் பார்க்க முடியாமல் பீர் முகமது தலையைக் குனிந்துகொண்டு, வாய்க்குள் ஓதியபடியே நடந்தார்.

சடையாண்டியின் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. மெல்லத் தட்டினார். யாருக்கும் கேட்காமல் இருந்தால் நல்லது என்பது போலத் தட்டினார்.

"யாரு?"

"பள்ளிக்கூடத்து வாத்தியாரு."

உள்ளே கடப்பாரை நகரும் சத்தம் கேட்டது. கதவு ஒரு சாண் திறந்தது. ஒரு பெரிய கை வெளியே வந்து பீர் முகமதுவின் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்தது. கதவு மறுபடியும் சாத்திக்கொண்டது.

உள்ளே இருட்டு பழகக் கொஞ்ச நேரம் ஆனது. மூலையில் பொன்னழகு சொட்டாங்கல் ஆடிக்கொண்டிருந்தாள். வாத்தியாரைப் பார்த்ததும் எழுந்து நின்று வணக்கம் சொன்னாள். சடையாண்டி கடப்பாரையைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தார். தப்பிக்கிற வழியை அடைத்தாகிவிட்டது.

"சொல்லுங்க," என்றார்.

பீர் முகமது சடையாண்டியின் பக்கம் திரும்பவே இல்லை. பிள்ளையின் முன்னால் மண்டி போட்டார். "அம்மா பொன்னழகு, நான் சொல்றதை நல்லாக் கேட்டுக்கணும். அந்தப் பல்லியெல்லாம் ஆறு கோடி வருஷத்துக்கு முன்னாலயே செத்துப் போச்சு. அப்ப மனுசங்களே கெடையாது. இந்த ஊரு கெடையாது. கெணறு கெடையாது. அது ஒரு மனுசனைக்கூடக் கடிச்சதில்ல."

"ஒரு ஆளைக்கூடவா?" சடையாண்டிதான் கேட்டார். விசாரணை ஆரம்பமாகிவிட்டது என்று பீர் முகமதுவுக்குத் தெரிந்தது.

"ஒரு ஆளைக்கூட இல்லைங்க."

"ஒண்ணு ரெண்டு தப்பிச்சிருக்குமில்ல?"

"ஒண்ணுகூடத் தப்பிக்கலைங்க."

"முட்டை?"

"அதுவும் கல்லாப் போச்சுங்க. பொரிக்காது."

சடையாண்டி மீசையைத் தடவினார். "அரியலூர்ல?"

"வெறும் எலும்பு. அது நடக்காது."

"நம்ம கெணத்துக்குள்ள?"

"பாறைதாங்க. பாறைக்குக் கீழ தண்ணி. வேற எதுவும் இல்ல."

"இதை எழுதிக் குடுப்பீகளா?"

பீர் முகமது பிள்ளையின் நோட்டில் ஒரு தாளைக் கிழித்தார். 'சின்னக்கரட்டுப்பட்டி குடிதண்ணீர்க் கிணற்றுக்குள் ராட்சதப் பல்லி எதுவும் இல்லை என்று இதன் மூலம் உறுதி கூறுகிறேன்' என்று எழுதினார்.

"முத்திரை?"

"பள்ளிக்கூடத்துல இருக்குங்க. வேணும்னா எடுத்தாரேன்."

"பரவாயில்ல. கையெழுத்தைப் போடுங்க."

போட்டார். சடையாண்டி தாளை வாங்கிக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது என்பதால் மகளைப் படிக்கச் சொன்னார். பொன்னழகு கணீரென்று படித்தாள். இரண்டாவது தடவையும் படிக்கச் சொன்னார். பிறகு தாளை நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டார். ஒரு பெருமூச்சு விட்டார். கூரையிலிருந்து தூசி உதிரும் அளவுக்கு அது பெரிய பெருமூச்சு.

"பிள்ளைக்குச் சொல்லிப் புரிய வச்சுட்டீக வாத்தியாரே. நல்லாயிருப்பீக," என்றார். கடப்பாரையை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு கதவை அகலத் திறந்தார். வெயில் உள்ளே வந்து விழுந்தது. தெருவில் நின்ற பெண்கள் பார்த்துக்கொண்டிருக்கவே கிணற்றுப் பக்கமாக நடந்தார். இரண்டு தடவை மடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

பீர் முகமது அப்படியே தரையில் உட்கார்ந்தார். உயிரோடு இருக்கிறோம், வேலையும் இருக்கிறது என்பது மெல்ல மெல்லத்தான் மனதில் இறங்கியது. பொன்னழகின் தலையைத் தடவிக் கொடுத்தார்.

"இனிமே பயமில்லைல்ல? நாளைக்குப் பள்ளிக்கூடம் வருவியா?"

பொன்னழகு வாசல் பக்கம் எட்டி, அப்பா தூரத்தில் போய்விட்டாரா என்று பார்த்துக்கொண்டாள். பிறகு வாத்தியாரின் காதோரம் குனிந்து சொன்னாள்:

"எனக்கு அன்னிக்கே பயமில்ல சார், நான் பள்ளிக்கூடம் வந்துட்டா வீட்டுல தனியா இருக்கப் பயமா இருக்குன்னு அப்பாதேன் அழுதாரு."